யோகத்தில் சொல்லும் சத்தியம்: ஆபீஸ், வீடு, ஆஸ்பத்திரி என்று வந்தால் எப்படி?

ஒருவர் ஒரு வருடமாக யோகா வகுப்புக்குப் போகிறார். ஆசனத்தோடு நின்றுவிடாமல் யம நியமங்களையும், அதாவது யோகத்தின் ஒழுக்க விதிகளையும், கடைப்பிடிக்கச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். “அஹிம்சை சரி, அசைவத்தை விட்டாச்சு. சத்தியம்தான் முடியல. ஆபீசில் நாள் முழுக்கச் சின்னச் சின்னப் பொய். வீட்டில் உண்மையைச் சொன்னால் சண்டை. குடும்பஸ்தனுக்கு இது நடக்கிற காரியமா?” என்று கேட்கிறார்.

நடக்கும். ஆனால் ‘பொய்யே பேசாதே, மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடை’ என்று எடுத்துக்கொண்டால் நடக்காது, நடக்கவும் கூடாது. யோக நூல்கள் கேட்பது அது இல்லை.

முதலில் சத்தியம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பதஞ்சலியின் யோக சூத்திரம், இரண்டாம் பாதம், 30-வது சூத்திரம் யமங்களை அடுக்குகிறது: அஹிம்சை, சத்தியம், அஸ்தேயம் (திருடாமை), பிரம்மசரியம் (புலனடக்கம்), அபரிக்ரகம் (பொருள் சேர்க்காமை). சத்தியத்துக்கு இரண்டாம் இடம்தான். சமணர்களின் ஐந்து மகாவிரதங்களும் (பெருநோன்புகளும்) இதே வரிசையில் வருகின்றன. தமிழிலும் அப்படியே. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தை, அதாவது யமத்தை, சொல்லும் பாட்டு ‘கொல்லான் பொய்கூறான் களவிலான்’ என்றுதான் தொடங்குகிறது. திருமூலர் ஐந்தோடு நிற்காமல் அடக்கம், பகுத்துண்ணல், கள்ளுண்ணாமை என்று பட்டியலை நீட்டிக்கொண்டு போகிறார். முதல் மூன்றில் மாற்றமில்லை. வள்ளுவர் இன்னும் வெளிப்படையாக, ‘ஒன்றாக நல்லது கொல்லாமை மற்றதன் பின்சாரப் பொய்யாமை நன்று’ என்று முதலிடம், இரண்டாமிடம் என்றே சொல்லிவிட்டார். இத்தனை பேரும் இப்படி வரிசைப்படுத்தியிருப்பது சும்மா இல்லை. சத்தியம் அஹிம்சையின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டிய ஆள்.

சரி, சத்தியம் என்றால் என்ன? சூத்திரத்தில் வெறும் பெயர்தான் இருக்கிறது. விளக்கம், யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய பாஷ்யத்தில், அதாவது உரையில், வருகிறது. எப்படிப் பார்த்தோமோ, எப்படி ஊகித்தோமோ, எப்படிக் கேட்டோமோ, அப்படியே பேச்சும் மனமும் இருப்பது சத்தியம் என்கிறார் அவர். பலர் இதை ஒரே வாக்கியமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால் தினசரிப் பயிற்சி முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. பார்த்தது, ஊகித்தது, கேட்டது என்று மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தாலே நம் பேச்சில் பாதி சுத்தமாகிவிடும்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது மாடிப் பையன் மூன்று நாளாகப் பகல் பதினோரு மணிக்கு அரைக்கால் டவுசரோடு டீக்கடையில் நிற்கிறான். ஒருவர் இதைப் பார்க்கிறார். “வேலைக்குப் போகலை போல” என்று வீட்டில் சொல்கிறார். வீட்டம்மா இஸ்திரிக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்க, “ஆமாம்மா, பேன்ட் சட்டையே வர்றதில்ல இப்பல்லாம்” என்கிறார் அவர். சாயங்காலம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், “பாவம், அந்தப் பையனை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, கம்பெனி பேரு சொல்ல வேணாம்” என்று வந்துவிடுகிறது. பையன் அமெரிக்க ஷிப்ட்டில் இரவு முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டுக் காலையில் டீ குடிக்க இறங்குகிறான், அவ்வளவுதான். இந்தச் சங்கிலியில் யாருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ஊகம், பார்த்தது மாதிரி பேசப்பட்டது. கேள்விப்பட்டது, தெரிந்தது மாதிரி பேசப்பட்டது. வியாசரின் கணக்கில் இது சத்தியம் தவறியதுதான். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் அந்தக் குழுவிலேயே யாரையாவது விசாரித்திருந்தால் பையனுக்கு நேரக்கூடிய சேதத்தை யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பயிற்சி மிகச் சாதாரணம். கேள்விப்பட்டதை ‘ஆம்’ போட்டுச் சொல்லுங்கள்: “வேலையை விட்டுட்டானாம்.” ஊகமாக இருந்தால் “எனக்கு அப்படித் தோணுது” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் “தெரியலை”. ஒரு வாரம் செய்து பாருங்கள். நமக்கு நேராகத் தெரிந்த விஷயம் எவ்வளவு குறைச்சல் என்பதே கொஞ்சம் கலவரப்படுத்தும். ஃபார்வேர்டு செய்திகளுக்கும் இதே விதிதான். ‘அனைவருக்கும் பகிருங்கள்’ என்று முடியும் எதையும் நான் பகிர்வதில்லை. இது கொள்கை, விவாதத்துக்கு இல்லை.

அடுத்து, வியாசர் பேச்சில் மூன்று கோளாறுகளைத் தள்ளச் சொல்கிறார். பேச்சு ஏமாற்றுவதாக இருக்கக்கூடாது, குழம்பியதாக இருக்கக்கூடாது, கேட்பவருக்கு ஒன்றுமே போய்ச் சேராத வெற்றுப் பேச்சாகவும் இருக்கக்கூடாது. முதலாவதற்குப் பின்னாளில் உரை எழுதிய வாசஸ்பதி மிச்ரர் காட்டும் உதாரணம் தருமர். துரோணர், மகன் இறந்தது உண்மையா என்று கேட்கிறார். அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைப் பீமன் கொன்றிருக்கிறான். ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று சத்தமாகவும் ‘யானை’ என்று வாய்க்குள்ளும் சொன்னார் தருமர். சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதுவரை தரைக்கு நான்கு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த அவர் தேர் மண்ணைத் தொட்டது என்கிறது பாரதம்.

ஆபீசில் நாம் செய்வது பெரும்பாலும் தருமர் பாணிதான். மேனேஜரின் போன் அடிக்கும்போதே அவசரமாக மெயிலைத் தட்டி அனுப்பிவிட்டு, எடுத்து, “மெயில் போட்டுட்டேனே சார், பார்க்கலையா?” என்கிறோம். போட்டது உண்மை. பத்து வினாடிக்கு முன்னால் போட்டது என்பதுதான் யானை. “டெஸ்டிங் போயிட்டு இருக்கு” என்பதும் அப்படியே. ஒருவர் லேப்டாப்பைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த வகைக்கு ஒரே ஒரு சோதனை போதும். நான் சொன்னதைக் கேட்டு அவர் மனதில் என்ன படம் ஓடும்? அந்தப் படம் தப்பு என்று எனக்குத் தெரிந்தால், என் வாக்கியம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

மூன்றாவது கோளாறை யாரும் கவனிப்பதில்லை. கண் சரியாகத் தெரியாத பாட்டியிடம் காப்பீட்டு முகவர் ஆங்கிலத்தில் நிபந்தனைகளைக் கடகடவென்று படித்துவிட்டு, “எல்லாம் சொல்லிட்டேம்மா, இங்க கையெழுத்து” என்கிறாரே, அதுதான். எல்லாம் உண்மை. பாட்டிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. வக்கீல், டாக்டர், கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 34-வது சூத்திரம், யமத்துக்கு மாறான செயலைத் தானே செய்தது, பிறரைச் செய்யவைத்தது, பிறர் செய்ததற்குத் தலையாட்டியது என்று மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. தூண்டுவது ஆசை, கோபம், மயக்கம் என்று மூன்று. அளவு லேசு, நடுத்தரம், தீவிரம் என்று மூன்று. வியாசர் இதை 27 ஆக்கி, இன்னும் பிரித்து 81 வரை கொண்டுபோகிறார். (அந்தக் காலத்து ஆட்களுக்குக் கணக்கென்றால் அப்படி ஓர் ஆசை.) 81-ஐ விடுங்கள். செய்யவைப்பதும் தலையாட்டுவதும் போதும். வாசலில் சீட்டுப் பணம் கேட்டு ஆள் நிற்கிறார். நாம் உள்ளே இருந்துகொண்டு ஏழு வயதுப் பிள்ளையிடம், “அப்பா வெளியூர் போயிருக்கார்னு சொல்லு” என்கிறோம். பிள்ளை போய், “அப்பா வெளியூர் போயிருக்கார்னு அப்பா சொல்லச் சொன்னார்” என்று சொல்லிவிட்டு வருவது பழைய ஜோக். ஆனால் ஏழு வயதில் அப்படி உளறும் பிள்ளை ஒன்பது வயதில் உளறாது. அதற்குள் நாம் பழக்கிவிட்டிருப்போம். நம் வாய் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், பொய் பிள்ளையின் கணக்கில் ஏறும். தாமே வாயைத் திறக்காமல் உதவியாளரை விட்டு “சார் மீட்டிங்கில் இருக்கார்” என்று சொல்லவைக்கும் மேலதிகாரிகளும் இதே வகை.

இப்போது எதிர்ப்பக்கம். “நான் எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது உண்டு. கல்யாண வீட்டில் பெண்ணின் நிறத்தைப் பற்றி, எடையைப் பற்றி, இன்னும் குழந்தை இல்லாததைப் பற்றி ‘உண்மை’ பேசுபவர்கள். இவர்களைச் சத்தியவான்கள் என்று யோகம் ஒப்புக்கொள்வதில்லை. உண்மையாகவே சொல்லப்பட்டாலும் உயிர்களுக்குக் கேடு செய்யவே பயன்படும் பேச்சு சத்தியம் ஆகாது, பாவம்தான் ஆகும் என்று வியாசர் ஒரே போடாகப் போடுகிறார்.

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் இதற்கு ஒரு கதை இருக்கிறது. கௌசிகன் என்ற தபசி, எப்போதும் உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்டவன். திருடர்களுக்குப் பயந்து சிலர் அவன் இருந்த பக்கம் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்த திருடர்கள் கேட்க, விரதம் கெடக்கூடாதே என்று இடத்தைக் காட்டிவிடுகிறான். அத்தனை பேரும் கொல்லப்படுகிறார்கள். கௌசிகன் போனது நரகத்துக்கு. கதையைச் சொல்பவர் கிருஷ்ணர், கேட்பவர் அர்ச்சுனன். காண்டீவத்தை வேறொருவருக்குக் கொடு என்று சொல்பவரைக் கொல்வேன் என்று சபதம் செய்திருந்த அர்ச்சுனன், அதைச் சொன்ன அண்ணன் தருமர் மேலேயே வாளை உருவிக்கொண்டு நின்ற நேரம் அது. சபதத்தைக் காப்பாற்ற அண்ணனைக் கொல்லலாமா என்ற இடத்தில் சொல்லப்படும் கதை.

இதைப் பிடித்துக்கொண்டு ‘அப்போ நல்லதுக்குப் பொய் சொல்லலாம்’ என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்று பழமொழி வேறு கைவசம் இருக்கிறது. வள்ளுவரும் ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று அனுமதி தந்திருக்கிறார் என்பார்கள். அடுத்த சொற்களையும் படிக்க வேண்டும்: ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’. ஒரு குற்றமும் இல்லாத நன்மையாக இருக்க வேண்டும், அதுவும் கட்டாயம் விளைய வேண்டும். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி முடித்த கல்யாணம் இதில் தேறாது. யோக உரைகளோ இந்த அளவுக்கும் போவதில்லை. கெடுதல் செய்யும் உண்மை சத்தியமல்ல என்கின்றனவே தவிர, பொய்க்குச் சத்தியம் என்று முத்திரை குத்துவதில்லை. மனு ஸ்மிருதியோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் உண்மை பேசு, இனிமையாகப் பேசு, இனிமையில்லாத உண்மையைப் பேசாதே, இனிமைக்காகப் பொய்யும் பேசாதே என்ற சுலோகத்தில் கடைசித் துண்டை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இது உண்மையிலேயே கடினமாகும் இடம் ஆஸ்பத்திரி. நம் குடும்பங்களில் எத்தனை முறை நடந்திருக்கும்! அம்மாவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது, புற்றுநோய். பிள்ளைகள் வராந்தாவில் கூடி நின்று முடிவெடுத்து, டாக்டர் அறைக்குள் போனதும் முதல் வாக்கியமாக, “அம்மாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம் டாக்டர், நீங்களும் அப்படியே சொல்லிடுங்க” என்கிறார்கள். ஃபைல் பீரோவுக்கு மேலே போய்விடுகிறது. பெங்களூரிலிருந்து வராத மகன் திடீரென்று வந்து பத்து நாள் தங்குகிறான். சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாத்தனார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறாள். ஆஸ்பத்திரி வாசல் பலகையிலேயே நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஒருநாள் தலை வாரும்போது கொத்தாக முடி கையோடு வருகிறது. “அல்சர் மருந்துக்கு முடி கொட்டுமா?” என்று அம்மா கேட்பது மகளிடம் இல்லை, நர்ஸிடம். மகளிடம் கேட்டால் மகள் பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்று அம்மா பார்த்துக்கொள்கிறாள். ஒரே அறையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு, யாரிடமும் எதுவும் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் பொய் யாருக்கு ஆறுதல் தருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அந்தக் கஷ்டமான பேச்சைத் தவிர்க்க விரும்பும் நமக்குத்தான். நடுவில் ஒரு வழி இருக்கிறது. “ரிப்போர்ட் வந்திருக்கும்மா. டாக்டர் சொன்னதை முழுசா உனக்குச் சொல்லணுமா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?” என்று அவரையே கேட்பது. “எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், நீங்களே பாத்துக்கோங்க” என்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர் எடுத்த முடிவு. அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பது பொய்யில்லை. “சொல்லு” என்றால் சொல்ல வேண்டும், கேட்ட அளவுக்கு. எத்தனை மாதம் என்று கேட்காதவரிடம் மாதக்கணக்கு பேச வேண்டியதில்லை. கீதையின் 17-வது அத்தியாயம் பேச்சுத் தவத்துக்குச் சொல்லும் நிபந்தனைகள், அதாவது கலங்கடிக்காதது, உண்மையானது, இனியது, நன்மையானது என்ற நான்கும் சேர்ந்து சோதிக்கப்படும் இடம் இது. நான்கும் ஒரே வாக்கியத்தில் அமைவது சுலபமில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்டு, வார்த்தையை யோசித்துவிட்டுப் போவதில் தப்பில்லை.

எங்கே ஆரம்பிப்பது? பாயில். உங்கள் யோகா பாயில்தான். சத்தியம் பழக அதைவிட வசதியான இடம் இல்லை, ஏனென்றால் அங்கே யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். திரிகோணாசனத்தில் கை தரையைத் தொட்டுவிட்டது என்று காட்ட இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, எப்படியோ தொட்டுவிடுகிறோம். “வலி இருக்கா?” என்று ஆசிரியர் கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு “இல்ல சார்”. பத்மாசனத்தில் இடுப்பு திறக்காமல் காலை மட்டும் இழுத்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. ரத்த அழுத்தம் இருப்பதையும் கழுத்துத் தேய்மானத்தையும் சொல்லாமல் சிரசாசனம் செய்பவர்கள் இருக்கிறார்கள். உடம்பு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதவர், ஆபீசில் மட்டும் உள்ளது உள்ளபடி பேசிவிடுவார் என்று நான் நம்பவில்லை. ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் இது. ‘இந்த முத்திரை செய்தால் சர்க்கரை ஓடிப்போகும்’ என்று வகுப்பில் அடித்துவிடுவது சத்தியத்தில் சேராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சத்தியத்தை இரண்டாம் விரதமாக வைத்த முனிவரின் பெயரையே சூட்டிக்கொண்ட பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனம், தவறான விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் 2024 ஏப்ரலில் 67 நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது. உச்ச நீதிமன்றத்தில் முன்பு கொடுத்த உறுதியை மீறியதற்கான நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை அது. ஆகஸ்டில் நீதிமன்றம் மன்னிப்பை ஏற்று அந்த அவமதிப்பு நடவடிக்கையை முடித்தது.

பிறகு, எல்லை வைத்துத் தொடங்கலாமா என்று கேட்பீர்கள். 31-வது சூத்திரம், சாதி, இடம், காலம், சந்தர்ப்பம் என்ற எல்லை எதுவும் இல்லாதபோதுதான் இவை மகாவிரதம் என்கிறது. ‘மாலை போட்டிருக்கேன், பொய் சொல்லக்கூடாது’ என்று ஒரு மண்டலம் சுத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய மறுநாள் கடையில் பழைய கதையை ஆரம்பிப்பது காலத்தால் எல்லை கட்டிய விரதம். மகாவிரதம் இல்லைதான். ஆனாலும் அந்த ஒரு மண்டலம் பொய் சொல்லாமலே வியாபாரம் நடந்ததே, கடையை மூட வேண்டி வரவில்லையே! அதை வைத்துக்கொண்டு அடுத்த மாதத்துக்கு நீட்டலாம். குடும்பஸ்தர்களுக்கு இப்படித்தான் முடியும்.

பேச்சைக் குறைப்பதும் உதவும். காந்தி திங்கட்கிழமைகளில் மௌனம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். சத்தியத்தைத் தேடுபவனின் ஆன்மிகப் பயிற்சியில் மௌனம் ஒரு பகுதி என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூச்ச சுபாவம் தனக்கு வார்த்தையை அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது என்கிறார். நாள் முழுக்க வேண்டாம். வாராந்திரக் கூட்டத்தில் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து பாருங்கள். மிகைப்படுத்தல் பாதி அங்கேதான் பிறக்கிறது.

“சாப்டீங்களா?” என்றதற்குச் சாப்பிடாமலே “ஆச்சு, ஆச்சு” என்பது, பேரத்தில் கடைக்காரர் “அசலே வரலைங்க” என்பது போன்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரு தரப்புக்கும் ஆட்டம் தெரியும். அங்கே போய் விரதம் காட்டினால் கேலிதான் மிஞ்சும். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்வது வேறு விஷயம். அதை மறுத்தால் விலை கொடுக்க வேண்டிவரும்; வேலையே போகலாம். எந்தச் சூத்திரமும் அந்த விலையைக் குறைத்துத் தராது. முன்கூட்டியே யோசித்து, எதில் விட்டுக்கொடுப்பேன், எதில் மாட்டேன் என்று முடிவு செய்துவைத்துக்கொள்வது நல்லது. எதிரே பேப்பரையும் பேனாவையும் நீட்டிய பிறகு யோசித்தால் கை தானாகவே கையெழுத்துப் போட்டுவிடும்.

இன்னொன்று. சத்தியம் பேசுபவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. “சம்பளம் எவ்ளோ வருது மாப்ளே?” என்று மாமா கேட்டால் குறைத்தும் சொல்ல வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம். “நல்லா போயிட்டிருக்கு மாமா, அதெல்லாம் சொல்றதில்லைன்னு வச்சிருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். விடமாட்டார், மறுபடி கேட்பார். அதே பதிலை அதே சிரிப்போடு சொல்லுங்கள். மூன்றாவது முறை அவரே தன் பையனின் சம்பளத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.